உறைக்குள் இருந்த வீடு

வங்கி அட்டைகளைக் கைப்பேசி உறையிலேயே செருகி வைப்பது என் வழக்கம். அன்று ட்வெய்ட்டா நிலையத்தில் மெட்ரோவை விட்டு இறங்கி, ஒரு மணிநேரம் கடைகளில் அலைந்த பிறகுதான் போனைக் காணவில்லை என்று தெரிந்தது. கடையொன்றில் போன் இரவல் வாங்கி என் எண்ணை அழைத்தேன். எடுத்தது வீட்டில் இருந்த என் மகள்!

"அம்மா, ஒரு தமிழ் ஆள் இப்பதான் கொண்டுவந்து தந்தவர்."

"வீடு எப்பிடித் தெரியுமாம்?"

"கார்டில இருந்த பேரை நெட்டில இருக்கிற டிரெக்டரியில போட அட்ரஸ் வந்ததாம்."

அப்பாடா என்றிருந்தது. அவள் நிறுத்தவில்லை.

"போகேக்க அந்த ஆள், 'அப்பா நாளைக்குத்தானே பேர்கனில இருந்து வருவார், தனிய இருக்கேக்க ஒருத்தருக்கும் கதவு திறக்காதை பிள்ளை' எண்டவர். அவருக்கு அப்பாவைத் தெரியுமோ?"

அவருக்குத் தெரியாது. பூட்டிய போன் திரையிலும் குறுஞ்செய்திகள் தெரியும்படி விட்டிருந்தேன். இந்த வெளிநாட்டில் தமிழை யார் வாசிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. கணவர் அனுப்பியது அதில் கிடந்தது: "பேர்கனில இருந்து நாளைக்குத்தான் வருவன். பிள்ளை தனிய, கெதியா வீட்டை போ."

அட்டைகள் இப்போது வேறு பையில் இருக்கின்றன. அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் மெட்ரோவில் யாராவது தமிழர் என்னைப் பார்த்துச் சிரித்தால், கை தானாகவே போனைக் கவிழ்த்து வைக்கிறது.