‘நங்கி’ன்னா கட் பண்ணிடு

எங்கள் வீட்டுக்குப் போன் வந்ததே தங்கச்சி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனதால்தான். அண்ணன் ஹட்டனில் பழைய பட்டன் போன் ஒன்று வாங்கி வந்தான். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பராவில் பின்பக்க ஜன்னலில் மட்டும்தான் சிக்னல் எடுக்கும். அதனால் நான் ஒரு துணிப்பை தைத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். போன் அதில் தொங்கும். அடித்தால் லயமே கேட்கும். "ஒங்க சின்னவ பேசுறா போல" என்று அடுத்த காம்பராவிலிருந்து சத்தம் வரும்.

தங்கச்சி வெள்ளிக்கிழமைகளில் கோல் எடுத்துப் பேசுவாள். "அக்கா" என்றுதான் தொடங்குவாள். அம்மா போனைக் கையில் வாங்கினாலும் அவள் வாயில் முதலில் வருவது "அக்கா"தான். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் கோபம். எனக்குப் பெருமை.

பிறகு அந்தப் பாழாய்ப்போனவன் தொடங்கினான். யார், எந்த ஊர் என்று இன்று வரை தெரியாது. நோர்வூட்டில் நான் தையல் கடையில் வேலை செய்தேன். பக்கத்துக் கடையில்தான் போனுக்கு ரீலோட் போடுவேன். அங்கே நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், கடைக்காரருக்குக் காது மந்தம். பின்னால் நின்ற எவனோ மனப்பாடம் பண்ணிவிட்டான். "நங்கி, கோமத?" என்பான். தங்கச்சி, எப்படி இருக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்கிறானாம். பஸ்ஸில் உரசுகிறவனும் நங்கி என்றுதான் கூப்பிடுவான், நல்ல மனுசனும் நங்கி என்றுதான் கூப்பிடுவான். இவன் எந்த வகை என்று சிரிப்பிலேயே தெரிந்தது.

வைத்தால் திரும்ப எடுப்பான். ஏசினால் இன்னும் சிரிப்பான். சமைக்கும்போது, குளிக்கும்போது, அம்மா மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு வந்து உட்காரும்போது, எப்போது பார்த்தாலும் நங்கி, நங்கி. சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. லயத்தில் பேச்சு மாறிவிட்டது. "சின்னவ கோலா, இல்ல பெரியவளுக்கா?" என்று பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதே கேட்டார்கள். அண்ணன் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் ராத்திரி வேலை முடித்துத் தூங்கும் நேரத்திலும் அடித்தது. அவன் எழுந்து என்னைத்தான் முறைத்தான்.

"ஒனக்குத் தெரியாமயா ஒருத்தன் இப்படி எடுப்பான்?"

"நீயே கேளு அவன்கிட்ட! நான் என்ன வெத்தல பாக்கு வச்சா அழைச்சேன்?" என்று கத்தினேன். அன்றிலிருந்து போனைத் தொடக்கூடாது என்றான். நான் எடுத்தால்தான் அவனுக்கு ருசி பிடிக்கிறதாம். அம்மா எடுக்கட்டும், கிழவி குரல் கேட்டால் ஓடிப்போவான் என்பது அண்ணன் கணக்கு.

ஹட்டனில் போன் கடைக்குக் கொண்டுபோனோம். கடைப் பையன் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"இந்தப் போன்ல ஒரு ஆள மட்டும் நிப்பாட்ட ஏலாது அண்ணே. அவன் நம்பர மறைச்சி எடுக்கிறான். நம்பர் காட்டாத கோல் எல்லாத்தையும் வேணும்னா கொம்பனியில சொல்லி நிப்பாட்டலாம். வெளிநாட்டுக் கோலும் அப்படித்தானே வருது? அதும் நின்னுரும். பரவாயில்லயா?"

எப்படிப் பரவாயில்லை? தங்கச்சியின் கோலும் நம்பர் இல்லாமல்தான் வரும். அவனை அடைத்தால் அவளையும் அடைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அம்மாவை ஜன்னலடியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான்.

"அம்மா, எடுங்க. பேசாதீங்க. மொதல்ல அந்தப் பக்கம் என்ன சொல்றாங்கன்னு கேளுங்க. ‘அக்கா’ன்னா நம்ம சின்னவ, பேசுங்க. ‘நங்கி’ன்னா கட் பண்ணிடுங்க. அடுத்த வார்த்த கேக்கவே கூடாது."

அம்மாவுக்குச் சிங்களம் வராது. இது போதுமாக இருந்தது. எந்தப் பொத்தான் என்று தெரிய சிவப்புப் பொத்தானில் நானே குங்குமம் தடவிக் கொடுத்தேன். முதல் தடவை அம்மா கட் பண்ணியபோது நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். "நல்லா வச்சேன்ல?" என்றார். கம்பெனிக்காரன் போனில் இல்லாத வித்தை எங்கள் அம்மாவிடம் இருக்கிறது என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அதற்கப்புறம்தான் தங்கச்சியின் கோல் நின்றது. ஒரு வெள்ளி வரவில்லை. வேலை கூடியிருக்கும் என்றோம். அடுத்த வெள்ளியும் இல்லை. மாதம் முடிந்து அடுத்த மாதமும் போனது. அவளை அனுப்பிய ஏஜென்டிடம் ஓடினோம். "நல்லாத்தான் இருப்பா, கோல் வரலன்னா நல்லா இருக்கான்னு அர்த்தம்" என்று வாய் கூசாமல் சொன்னான். அவன் மூஞ்சியில் துப்பத் தோன்றியது. அம்மா தோட்டத்து மாரியம்மன் கோயிலில் போய்ப் போய் விழுந்தார். ராத்திரியில் எழுந்து போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார். அடிக்காத போனில் என்ன கேட்கும்? "சும்மா பாத்தேன்" என்பார்.

அந்தச் சனியன் மட்டும் விடவில்லை. முன்னைவிட அதிகமாக எடுத்தான். ஒரே நாளில் பல தடவை. அம்மா ஆவலோடு எடுப்பார், முகம் சுருங்கும், பொத்தானை அமுக்குவார். "அவன்தான்" என்பார். பெற்ற பிள்ளையின் குரலுக்கு ஏங்கி எடுக்கும் காதில் அவன் குரல் விழுகிறதே என்று எனக்கு ஆத்திரம் பொங்கும். கையில் கிடைத்தால் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் கத்தியால் வெட்டியிருப்பேன்.

ஒரு பௌர்ணமிப் போயா நாள். கடை லீவு. அண்ணன் வெளியே போயிருந்தான், அம்மா விறகு காயவைத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. அண்ணன் போட்ட தடையாவது மண்ணாவது என்று நானே எடுத்தேன்.

"நங்கி..."

அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த சிங்களம் பூராவையும் கொட்டினேன். தெரியாத இடத்தில் தமிழில் ஏசினேன். உனக்கு அக்கா தங்கச்சி இல்லையா, எங்கள் பிள்ளை வெளிநாட்டில் என்ன ஆனாளோ என்று நாங்கள் சாகிறோம், உனக்குச் சிரிப்பா என்று கேட்டேன். மூச்சு வாங்கி நிறுத்தினேன்.

அவன் சிரிக்கவில்லை.

"தியன்ன எப்பா" என்றான். வைக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறான். வேறு குரல். வயதான, களைத்த குரல். "ஒயாகே நங்கி..." என்றான்.

உன்னுடைய தங்கச்சி. என்னைக் கூப்பிடவில்லை. அவளைச் சொல்கிறான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

குவைத்தில் அவள் வேலை செய்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் அவர் டிரைவர். மொட்டைமாடியில் துணி காயப்போட வரும்போது தங்கச்சி மதிலுக்கு மேலால் எங்கள் நம்பரைச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய போனைப் பறித்துவிட்டார்கள். அடிக்கிறார்கள், ஒரு நேரச் சாப்பாடுதான், ஏஜென்டிடம் சொல்லி எம்பசிக்குக் கோல் எடுக்கச் சொல்லுங்கள் என்று அழுதிருக்கிறாள். அவரும் எங்களுக்கு எடுத்திருக்கிறார், எத்தனையோ தடவை. நங்கி என்று மரியாதையாகத் தொடங்கியிருக்கிறார். அடுத்த வார்த்தைக்குள் கட்.

"அப்ப இப்ப எப்படி இருக்கா?" என்று எனக்கு வந்த சிங்களத்தில் கேட்டேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். வீட்டில் யாரும் பேசவில்லை என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லையாம். தினமும் மதிலடியில் வந்து நின்று "அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்பாளாம். ஒரு நாள் பொய் சொல்லிவிட்டாராம். அக்கா ஆள் அனுப்புகிறாள், பொறுமையாக இரு என்று. அதன் பிறகு அவள் அழவில்லையாம். போன வாரம் அதே தெருவில் வேலை செய்த இன்னொரு பிள்ளை எம்பசிக்குத் தப்பிப் போனாளாம். அவரே வாகனத்தில் கொண்டுபோய் விட்டாராம். இவளையும் கூப்பிட்டிருக்கிறார். இவள் வரவில்லை. அக்கா அனுப்புற ஆள் வந்து நான் இல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டாளாம்.

"நேற்று அந்த வீட்டார் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அவளையும் கொண்டுபோய்விட்டார்கள். எந்த ஊர் என்று தெரியவில்லை, நங்கி."

அம்மா விறகோடு வாசலில் நின்றார். அவருக்குச் சிங்களம் புரியாது, என் முகம் புரிந்தது. சொன்னேன். மறைக்க எனக்குத் தெம்பில்லை.

"அந்தக் கொரல நான்தானேடி வச்சேன்" என்றார் அம்மா. "வேற கொரலா இருக்கேன்னு எனக்கே தோணிச்சிடி. நங்கின்னான், வச்சிட்டேன்." தலையில் அடித்துக்கொண்டார். கையைப் பிடித்தும் நிறுத்த முடியவில்லை.

அண்ணன் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. கொழும்புக்கு அலைந்தோம், ஒவ்வொரு ஆபீஸ் வாசலிலும் நின்றோம். கும்பிட்ட கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்துதான் அவளை அனுப்பினார்கள். முன்பல் ஒன்று இல்லை. இடது கையை முழுதாக நீட்ட முடியவில்லை. அம்மா அவளைத் தொடவே பயந்து பயந்து தொட்டார்.

வந்து சில நாள் கழித்து ஒரு சாயந்தரம், நான் தங்கச்சி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள். அடுப்படியில் அம்மா இருந்தார்.

"நீ அனுப்புறேன்னு சொன்னியாமே, அந்த ஆளு ஏன்க்கா வரல?"

அடுப்படியில் சத்தம் நின்றது.

"விசா கெடைக்கலடி" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்றாள் தங்கச்சி. "நீ அனுப்பாம இருப்பியா?"