பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்தவள்

புதுத் தலைமையாசிரியர் வந்ததும் ஓர் ஏற்பாடு செய்தார். ஒருவர் பாடம் நடத்தும்போது இன்னொருவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும்; பிறகு இருவரும் பேசி, நடத்தும் விதத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சாணார்பட்டிப் பக்கத்துப் பள்ளியில் வருடக்கணக்காகப் பத்தாம் வகுப்புக் கணக்கு நடத்துபவள் நான். என் வகுப்புக்கு அவர் அனுப்பியதோ, திண்டுக்கல்லிலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் வரும் புதுக் கணக்கு டீச்சரை. எனக்கு அப்போதே பொறி தட்டியது. பத்தாம் வகுப்பை என்னிடமிருந்து பிடுங்கி அவளிடம் கொடுக்கத்தான் இந்த நாடகம்.

அன்று பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். அதையும் சந்தேகப்பட்டேன். "செத்த நேரம் உக்காந்துட்டுப் போயிருவேன் டீச்சர்" என்றாள். ஆமாம், உளவு பார்க்கச் செத்த நேரம் போதாதா?

யாராவது வகுப்பைப் பார்க்க வந்தால், முந்தின நாள் நடத்திய பாடத்தையே மறுபடி நடத்துவது எங்கள் வழக்கம். பிள்ளைகளுக்கும் அது தெரியும். புதிதாகக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள். அன்றும் கூம்பின் கனஅளவையே எடுத்தேன். ஆரம் ஏழு, உயரம் இருபத்தொன்று என்று எழுதினேன். வகுப்பே ஒரே குரலில் "அறுநூத்திப் பதினாறு" என்றது. அதையே எழுதி, கீழே கோடு போட்டு, அவளை ஒரு பார்வை பார்த்தேன். போய்ச் சொல்லு, போ.

மத்தியானம் சாப்பிடும்போது நேராகவே கேட்டேன். "பெரிய சார்கிட்ட என்ன சொன்ன?"

"நல்லா நடத்துனீங்கன்னு சொன்னேன்."

"இதை என்னைய நம்பச் சொல்றியாக்கும்."

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். "டீச்சர், உயரம் இருபத்தொண்ணுன்னு போட்டீங்க. எனக்கு ஆயிரத்து எழுபத்தெட்டு வருது. திரும்பவும் போட்டுப் பாத்துட்டேன். எங்க தப்பு விடுறேன்னு தெரியல."

எனக்குச் சுருக்கென்றது. முந்தின நாள் கணக்கில் உயரம் பன்னிரண்டு. நான் எண்ணை மாற்றி எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் பழைய விடையைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தரும் கணக்கே போடவில்லை, என்னையும் சேர்த்து.

"இதை எப்பப் போய்ச் சொல்லப் போற?" என்றேன்.

"எதுக்கு டீச்சர் சொல்லணும்?" என்று பாக்ஸைக் கழுவப் போய்விட்டாள். அதையும் நான் நம்பவில்லை.

மறுநாள் நானே அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். என்ன கோள் மூட்டுவதானாலும் முழுசாகப் பார்த்துவிட்டு மூட்டட்டும் என்கிற வீம்பு. புதுக் கணக்கு ஒன்றை எழுதினேன். வகுப்பில் சத்தமே இல்லை. முதல் வரிசையில், எப்போதும் முந்திக்கொண்டு விடை சொல்லும் பெண், பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "டீச்சர், ஆள் வந்திருக்காங்க. நடத்தாததைக் கேக்குறீங்களே?"

பத்தாம் வகுப்பை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. அவ்வளவு வெட்கமாக இருந்தது.