பின்னால் இழுக்கும் கை

அப்போது நான் சிவகாசியில், பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகமொன்றில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு சீசனில் ராக்கெட் பெட்டிக்கு வாசகம் வந்தது. திரியைப் பற்றவைத்ததும் 'ரிட்டையர்' ஆகச் சொன்னது ஆங்கிலம். தமிழாக்கியவர் 'ஓய்வு பெறவும்' என்று போட்டிருந்தார்.

"ராக்கெட் விட்டவனுக்குப் பென்சன் உண்டாய்யா?" என்றார் மிஷின்காரர்.

'விலகி நிற்கவும்' என்று திருத்தினேன். ஆனாலும் அந்தச் சொல் என்னை விடவில்லை. ஆபீஸ் அகராதியைப் புரட்டினேன். படை பின்வாங்குவதும் ரிட்டையர்தானாம். படுக்கப் போவதும், வேலையிலிருந்து நிற்பதும் அதுதானாம். பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அங்கே அதற்குப் பின்னால் இழுப்பது என்று பொருள்.

என் வீட்டுக்காரி நாரணாபுரத்துப் பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தில் ஒரு விபத்து நடந்ததிலிருந்து, நின்றுவிடு, எங்கள் அச்சகத்திலேயே காலண்டர் கட்டலாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் பயம்தான். ஆனால் பிடி கொடுக்க மாட்டாள்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, கையில் ஒட்டிய வெள்ளிப் பொடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அகராதிக் கதையைச் சொன்னேன்.

"இழுக்கிறதா? யாரு இழுக்கணும்?"

"அது போடலையே."

"அப்ப பாதிதான் படிச்சிருக்கீக." கையை உதறினாள். "எங்க ரூம்ல நானும் இன்னொரு பொண்ணும் ரெண்டே பேரு. நான் மட்டும் உங்க அச்சகத்துக்கு வந்துட்டா அவ யாரு கூட உக்காருவா? புதுசா வாரவ மருந்தை எப்படித் தொடுவாளோ. தனிமரம் தோப்பாகாதும்பாக. விட்டுட்டு வந்த மரத்தை யாரு பாக்கா?"

இத்தனை நாளும் அவளைத் தடுத்துவைத்திருந்தது இதுதான். எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் அச்சக முதலாளியிடம் போய் நின்றேன்.

"ஒரு ஆளுக்குத்தானே கேட்டீரு?"

"ரெண்டு பேரா இருந்தாத்தான் வருவாக, அண்ணாச்சி."

சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

திங்கட்கிழமை காலை அவளுடைய ரூம் பெண்ணோடு சேர்ந்து மூவரும் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். அச்சகத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸுக்கு முன்னால் பட்டாசு கம்பெனி வேன் வந்துவிட்டது. அந்தப் பெண் பழக்கத்தில் படியில் கால் வைத்துவிட்டாள். என் வீட்டுக்காரி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, எங்க ஏறுத?"

"மறந்துட்டேன் மதினி."

வேன் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. டவுன் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். இறங்கும்வரை என் வீட்டுக்காரி அந்த முந்தானையை விடவில்லை.