பதினான்கு வினாடி ஊர்வலம்

போன செவ்வாய்க்கிழமை காலை என் கைப்பேசிக்கு ஒரு வீடியோ வந்தது. ஒரே வீடியோ, மூன்று வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து. அனுப்பிய மூவருக்குமே அதை எடுத்தது யாரென்று தெரியவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம்.

பதினான்கு வினாடிதான். எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் ஊர்வலம் வருகிறது. உறுமி மேளம் சட்டென்று நிற்கிறது. மலாய்க்காரர்கள் அணியும் சொங்கோக் தொப்பி போட்ட ஒருவர் சாலை நடுவில் கையை உயர்த்தி நிற்கிறார். அவருக்குப் பின்னால் சூராவ் — சின்னத் தொழுகைக்கூடம். கீழே சிவப்பு எழுத்தில்: 'சூராவ் முன் தடுக்கப்பட்ட சாமி ஊர்வலம்!'

முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பதினைந்தாவது வினாடியில் என்ன நடந்தது? அதை வெட்டியது யார்?

அரை மணி நேரத்தில் கோலாலம்பூரிலிருந்து ஒரு செய்தித் தளத்தின் நிருபர் அழைத்தார். இளம் பெண், மரியாதையாகத்தான் பேசினார். மதியம் செய்தி போடப் போகிறார்களாம், பத்திரிகையில் பத்தி எழுதும் உள்ளூர்க்காரன் என்ற முறையில் நான் ஒரு வரி சொல்ல வேண்டுமாம்.

"கை தூக்குன ஆள்கிட்ட கேட்டியாம்மா?"

"அவர் நம்பர் கிடைக்கல அங்கிள். நீங்க பேசலன்னா, அந்தப் பக்கமே வராத யாராச்சும் பேசுவாங்க."

இது வேண்டுகோளா, மிரட்டலா? இன்னும் எனக்குப் புரியவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் ஊர்வலம் சூராவ் வேலியைத் தொட்டதும் மேளம் தானாக நிற்கும். வளைவு தாண்டும்வரை கைமணி மட்டும்தான். யாரும் உத்தரவு போட்டதில்லை. பக்கத்து வீட்டில் ஒருவர் பிரார்த்தனையில் இருந்தால் நாம் குரலைத் தாழ்த்துவதில்லையா? அவ்வளவுதான்.

அந்த வளைவில் கையைத் தூக்கி நிற்பவர் ஹசான். தோட்டத்து லோரி ஓட்டுநர். எங்களோடு லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த மலாய்க்காரர். தமிழ் சரளம். மேலேயுள்ள கம்போங் ராஜா ஊரிலிருந்து காய்கறி லோரிகள் வேகமாக இறங்கும் இடம் அது. ஒவ்வோர் ஆண்டும் அவற்றை நிறுத்தி ஊர்வலத்தை அனுப்பிவைப்பது அவர் வேலை. அவராக எடுத்துக்கொண்ட வேலை.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வேலை நாளில் வாசலில் உட்கார்ந்திருந்தார். விஷயம் அடங்கும்வரை வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். எத்தனை நாள் என்று சொல்லவில்லையாம்.

"லோரியத்தான் நிறுத்துனேன்லா ஐயா. சாமியவா நிறுத்துனேன்?" என்றார். பிறகு, "விசாரிக்காம செய்தி பரப்புனா பாவம்னு இமாம் வெள்ளிக்கிழமைதோறும் சொல்றாரு. என்னைய விசாரிக்க ஒரு ஆள் வரலையே."

அங்கேயே நிருபரை அழைத்து, கைப்பேசியை ஹசானிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார்.

இது நடப்பதற்குள் கோயில் தலைவர் இரண்டு முறை என்னை அழைத்துவிட்டார். "நீங்க ஒண்ணும் எழுதிராதீங்க சார். சமய விஷயம். அடுத்த வருஷம் பெர்மிட் கிடைக்காமப் போயிடும்." சூராவ் கமிட்டிக்காரர் ஒருவரும் அதையே மலாயில் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே பயம்!

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இஸ்லாம் நாட்டின் மதமாக இருக்கும் இடத்தில், சமயத்தைத் தொட்டு எழுதும் பேனா பார்த்துத்தான் நடக்க வேண்டும். ஒரு வரி போதும், நாலு தலைமுறைச் சிநேகிதம் எரிந்துபோகும். ஆனால் அதற்கென்று இருக்கும் சட்டத்துக்கு முதலில் பயப்படுகிறவன் யார்? பெயர் போட்டு எழுதுகிறவன். பெயரில்லாமல் வீடியோ வெட்டுகிறவனுக்கு என்ன பயம்? உண்மை தெரிந்தவர்கள் வாயை மூடினால் பதினான்கு வினாடிதானே மிச்சம்?

மதியம் செய்தி வந்தது. 'ஊர்வலம் தடுக்கப்பட்டதா?' தலைப்பில் ஒரு கேள்விக்குறி. அதைப் போட்டுவிட்டால் பொறுப்பு முடிந்ததா? ஹசான் சொன்னது கடைசிப் பத்தியில் இருந்தது. கீழே வந்த வசவுகளை அறுபதுவரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். கடைசிப் பத்திவரை படித்தவர் அதில் ஒருவர்கூட இல்லை.

நான் எழுதும் இந்தப் பத்தியைப் பத்திரிகை ஆசிரியர் எத்தனை இடத்தில் வெட்டுவார் என்றும் எண்ணத்தான் போகிறேன்... பொறுப்பு என்ற பெயரில் வெட்டுகிறவர்கள் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஹசானை நேற்று வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டு வளைவில் நிற்க மாட்டேன் என்று கோயில் தலைவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். கோபமில்லை, பெண்டாட்டி பிள்ளைகள் பயப்படுகிறார்களாம்.

தலைவர் இப்போது ஆள் தேடுகிறார். சுதந்திரமாகச் செய்தி போட்டவர்கள் யாராவது வந்து லோரிக்கு முன்னால் நிற்கிறீர்களா?