பள்ளத்தை மூடியவர்களைக் கோபித்துக்கொண்ட அண்ணன்

எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். அழுது வடிந்து எழுதினால் அண்ணனுக்குப் பிடிக்காது. ஆகவே சிரித்தபடியே எழுதுகிறேன்.

அண்ணன் பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், நெல் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். நிலத்தையும் பார்த்துக்கொண்டு, தானும் படித்து, என்னையும் படிக்கவைத்துக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தார். மாநில நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராகச் சேர்ந்தார். எந்தச் சாலை, எந்தப் பாலம் என்ன நிலைமையில் இருக்கிறது என்று நேரில் பார்த்து மதிப்பெண் போடுவது அவருடைய வேலை. எது ரொம்ப மோசமோ அதற்கே முதலில் நிதி. "எங்க ஊர் ரோட்டையும் கொஞ்சம் பாத்து எழுதுப்பா" என்று கேட்டு வராத சொந்தக்காரர் இல்லை. அண்ணன் வயிறாரச் சாப்பாடு போட்டு அனுப்புவார், அவ்வளவுதான்.

நான் வாழ்க்கைப்பட்ட எங்கள் ஊர்ச் சாலையோ தொழிற்பேட்டை லாரிகள் அரைத்துத் தள்ளிய சாலை. பிள்ளைத்தாய்ச்சிகளை ஆட்டோவில் ஏற்றவே பயப்படுவோம். அந்த ஆண்டு நிதி வராவிட்டால் அடுத்த மழையில் பஸ்ஸும் நின்றுவிடும் என்ற நிலைமை.

அண்ணன் மேலதிகாரியோடு பார்வையிட வருகிறார் என்றதும் என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. மச்சான் வருகிற வழி குண்டும் குழியுமாக இருக்கலாமா? ஊரையே திரட்டிச் செங்கல் துண்டும் செம்மண்ணும் கொட்டி, இருந்த பள்ளத்தையெல்லாம் மூடி, தண்ணீர் தெளித்துக் கோலமும் போடவைத்துவிட்டார்.

ஜீப் குலுங்காமல் வந்து நின்றது. இறங்கிய அண்ணனின் முகம் சிவந்துவிட்டது.

"இன்னா மாப்ள இது? இத்த இப்டியே நான் எழுதினா ரோடு நல்லா கீதுன்னு துட்டு வேற ஊருக்குப் பூடும்."

"நீங்க வர்றீங்கன்னுதான் மச்சான் ரொப்பினோம். பழையபடியே எழுதிக்கோங்களேன்."

"கண்ணால பாக்காத பள்ளத்த நான் எழுத மாட்டேன்."

ஊருக்கு வரவேண்டிய சாலை எங்கள் உபசாரத்தாலேயே போய்விடும் போலிருந்தது. மேலதிகாரிதான் சிரிப்பை அடக்க முடியாமல், "போட்ட மண்ண அவங்களே எடுக்கட்டும்யா. நாம வெயிட் பண்ணலாம்" என்றார்.

முதலில் மண்வெட்டியைத் தூக்கியவர் என் மாமியார். பின்னால் ஊரே இறங்கியது. ஒரு பக்கம் கூடை கூடையாக மண்ணை வாரினோம், மறுபக்கம் அதிகாரிகளுக்கு மோர் கொடுத்தோம். லாரிக்காரர்கள் ஹாரனை அடித்து ஓய்ந்து, கடைசியில் அவர்களும் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். தோண்டத் தோண்ட அண்ணன் அளந்து எழுதினார். அந்த ஆண்டே நிதி வந்தது.

ஓய்வு பெற்றபின் அண்ணனுக்கு முதுகெலும்பில் நோய் வந்தது. கடைசி நாட்களை என் வீட்டில் கழிக்க ஆசைப்பட்டார். மருத்துவமனையிலிருந்து காரில் அழைத்து வரும்போது ஒவ்வொரு குலுக்கலுக்கும் முனகினார். எங்கள் ஊர்ச் சாலையில் திரும்பிய கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

அண்ணனை இரவுபகலாகப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், செவிலியருக்கும், முறைவைத்து வந்து உடனிருந்த உறவினருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அன்று கார் ஓட்டிய தம்பிக்கும் நன்றி சொல்லவேண்டும்.

"யக்கா, ஊடு வந்துடுச்சி. சார எழுப்பட்டுமா?" என்று அவர் கேட்டார்.

"வாணாம்ப்பா. திருப்பிக்கினு இந்த ரோட்டுலயே இன்னொரு தபா போ" என்றேன்.

பின்சீட்டில் அண்ணன் பக்கத்தில் இருந்த அண்ணி சிரித்துவிட்டார். ஊர் எல்லைவரை போய்த் திரும்பி வந்தோம். குறட்டை நிற்கவே இல்லை.