முழங்கால் தட்டு

எழுதுவது என் வேலை இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுபோனவன் நான். கடைக்கு வருகிறவர்களோடு நாலு சொல் கூடுதலாகக் கதைக்கவே கூச்சப்படுகிறவன், உங்களை இருத்தி வைத்து ஒரு கதை சொல்ல வெளிக்கிட்டிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கேட்க ஆள் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

புதுக்குடியிருப்புச் சந்தைக்குக் கொஞ்சம் தள்ளி, தகரக் கூரை போட்ட ஓர் அறைதான் என் தோல் தையல் கடை. போன கிழமை ஒரு தவில்காரர் தன் தோள்வாரைக் கொண்டு வந்தார். தவிலைத் தோளில் தொங்கவிடுகிற தோல்பட்டி. தையல் விட்டிருந்தது.

“நாளைக்குக் கோயில்ல கொடியேத்தம். நடுவில அறுந்து தவில் காலில விழுந்தாலும் பரவாயில்லை. நாதஸ்வரக்காரன் சிரிப்பான், அதைத்தான் தாங்கேலாது” என்றார்.

வருசக்கணக்காக வியர்வை குடித்த தோல். கையில் எடுத்ததும் மழைக்குப் பிறகு மாட்டுப்பட்டியில் வருகிற மணம் வந்தது. எனக்கு அந்த மணம் பிடிக்கும். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

தைத்தேன். மேல்பக்கம் மெசின் தையல் எறும்பு வரிசை மாதிரி அழகாக வந்தது. திருப்பிப் பார்த்தால் கீழ்ப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. நாங்கள் இதை ரென்சன் பிழை என்போம். மேல்நூலும் கீழ்நூலும் தோலின் நடுவில் ஒன்றையொன்று ஒரே இறுக்கத்தில் பிடிக்க வேண்டும். வளையம் கீழே தொங்கினால் மேல்நூல் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். புதிதாகத் தைக்கிறவர்கள் தொங்குகிற பக்கத்தைப் பார்த்துவிட்டு, கீழே இருக்கிற, கீழ்நூல் சுற்றிய பொபின் கூட்டின் திருகாணியை இறுக்கு இறுக்கென்று இறுக்குவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி இறுக்கி நூலை அறுத்தவன்தான்.

ஊசியை மாற்றினேன். நூலைக் கழற்றித் திரும்பக் கோத்தேன். மேல்நூலைப் பிடிக்கிற இரண்டு சின்னச் சில்லுகளுக்கு நடுவில் துணியை விட்டுத் துடைத்தேன். கழிவுத் தோலில் தைத்துப் பார்த்தால் கொஞ்சத் தூரம் நன்றாகப் போகிறது, பிறகு பழையபடி வளையம். மெசினோடு கோபித்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போனேன். எனக்கு மட்டும் என்று போடுகிற தேத்தண்ணி எப்போதும் கூடிப்போகிறது. ஏனென்று தெரியவில்லை.

நன்றாக வந்துகொண்டிருந்துவிட்டு இடையில் கெடுகிற இந்தப் பிழையை அதற்கு முன் ஒரே ஓர் இடத்தில்தான் கண்டிருக்கிறேன். சுகந்தியின் மெசினில்.

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிய காலத்தில் கிளிநொச்சியில் ஒரு தோல் பட்டறையில் வேலை செய்தேன். செருப்பு, பை, இடுப்புப்பட்டி எல்லாம் தைத்தோம். பொய்க்கால் கட்டுகிற வார்களும் தைத்தோம், அந்த நாட்களில் அதற்குத்தான் கேள்வி அதிகம். முதலாளி வவுனியாக்காரர். தையல் பிழைத்தால் ஏச மாட்டார். சாமானைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபடி பேசாமல் நிற்பார். அதற்கு ஏச்சு எவ்வளவோ மேல்.

சுகந்தி தர்மபுரத்தில் இருந்து பஸ்ஸில் வருவாள். அவளுடைய வலது கால் முழங்காலுக்கு மேலே ஷெல்லில் போய்விட்டது. போட்டிருந்த பொய்க்காலை அவள் ‘இரவல் கால்’ என்பாள். “இரவல் காலுக்கு ஒரு சீற் தாங்கோ” என்று கேட்டுத்தான் பஸ்ஸில் இடம் பிடிப்பாளாம். அதன் வாரைத் தானே சிவப்பு நூலால் தைத்து வைத்திருந்தாள்.

முதலில் அவளுக்குப் பின்பக்கத்தில் பசை பூசுகிற வேலை. பசை மணத்தில் தலையிடி வந்து சத்தி எடுப்பாள். முதலாளியைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு முன்னால் இருந்த மெசினைப் பிடித்தாள். ஆளையாள் பார்த்தபடி இருந்து தைப்போம். எனக்குப் பேச்சு இல்லை. அவள் என் பங்கையும் சேர்த்துப் பேசினாள்.

“அண்ணையின்ர வாயை ஆரோ தடிச்ச நூலால தைச்சுப்போட்டினம். ரென்சனும் நல்லா விழுந்திருக்கு” என்பாள். பின்னால் இருந்தவர்கள் சிரிப்பார்கள். நானும்தான்.

மெசினுக்கு வந்து கொஞ்ச நாளில் அவளுடைய தையல் பிழைக்கத் தொடங்கியது. காலையில் சுத்தமாக இருக்கும். மத்தியானம் ஆக ஆக வளையம் விழும். அவள் தைத்தது பொய்க்கால் வார். அது விட்டால் யாரோ ஒருவர் நடுறோட்டில் விழுவார். அப்படி விழுவது என்னவென்று அவளுக்குத் தெரியும். ஊசி, நூல், சில்லு எல்லாம் பார்த்தாள். நானும் பார்த்தேன். முதலாளி ஒரு வாரை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

“இன்னும் இப்பிடித்தான் வருமெண்டால் நீர் திரும்பப் பசை மேசைக்கே போம், பிள்ளை.”

அதன்பிறகு பட்டறையில் மெசின் சத்தம் மட்டும் கேட்டது.

கீழே விழுந்த பொபினை எடுக்கக் குனிந்தபோதுதான் நான் கண்டேன். இந்த மெசின்களில் மேசைக்குக் கீழே, வலது முழங்கால் பக்கமாக ஒரு தட்டு இருக்கும். முழங்காலால் அதைத் தள்ளினால் தோலை அமத்துகிற பாதம் மேலே எழும்பும். இரண்டு கையும் தோலைவிட்டு எடுக்கத் தேவையில்லை. பாதம் எழும்பினால் சில்லுகள் விலகி மேல்நூலை விட்டுவிடும். சுகந்தி இடது காலால் மிதிப்பாள், மெசின் பாதத்தைக் கையால் தூக்குவாள். அந்தத் தட்டு இருப்பதே அவளுக்கு நினைவில்லை. மத்தியானம் உடம்பு களைத்துச் சாய, இரவல் கால் மெல்லச் சரிந்து தட்டில் முட்டிக்கொண்டு நின்றது. முட்டுவதை அவளுக்குச் சொல்ல அந்தக் காலில் உணர்ச்சி இல்லை.

நான் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பெண்பிள்ளையிடம் ‘உங்கட கால்’ என்று தொடங்க எனக்கு வாய் வராது. அதிலும் அந்தக் கால். அவள் சாப்பிடப் போன நேரம் தட்டைக் கழற்றி மேசைக்குக் கீழே வைத்துவிட்டேன். பின்னேரம் தைத்த வாரை முதலாளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தலையாட்டிவிட்டுப் போனார்.

மெசினுக்குத் துணி போட்டு மூடும்போது அவள் குனிந்து பார்த்தாள்.

“இதை ஆர் கழட்டினது?”

“இடைஞ்சலா இருந்தது.”

“ஆருக்கு?”

நான் கத்தரிக்கோலை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.

“என்ர கால் முட்டினதைக் கண்டனீங்கள். ஓமோ?”

“ஓம்.”

“கண்டால் சொல்லுறதுதானே. ஊரே இந்தக் காலைப் பார்க்குது. நீங்கள் மட்டும் காணாத மாதிரி இருக்கிறியள். அதுதான் அண்ணை எனக்குக் கவலை.” தட்டை எடுத்து என்னிடம் நீட்டி, “திரும்பப் பூட்டிவிடுங்கோ. காலை நான் எடுத்து வைப்பன். முட்டுறதை மட்டும் நீங்கள் சொல்லுங்கோ. வாயால ஏலாட்டி கத்தரிக்கோலால தட்டுங்கோ” என்றாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். அவள் தையல் தளர்வதைக் கண்டால் நான் கத்தரிக்கோலால் மேசையில் தட்டுவேன். பேசிக்கொண்டிருக்கிற கதையை நிறுத்தாமலே அவள் இரண்டு கையாலும் முழங்காலைத் தூக்கி அப்பால் வைப்பாள். அந்தப் பட்டறையில் நான் அதிகம் பேசியது அவளோடுதான், அதுவும் கத்தரிக்கோலால்.

பிறகு கனகராயன்குளத்தில் வயல் செய்கிற ஒருவருக்கு அவளைக் கலியாணம் பேசினார்கள். கடைசி நாள் வேலை முடிந்தும் அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“ஒண்டும் சொல்ல மாட்டியளோ அண்ணை?”

நான் கத்தரிக்கோலை எடுத்துத் தட்டினேன். அவள் சிரித்துக்கொண்டு காலைத் தூக்கி அப்பால் வைத்தாள். அது முட்டியிருக்கவில்லை.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது போன் கடை. முதலாளி வவுனியாவுக்கே போய்விட்டார். என் மெசினுக்கு முன்னால் சுவர், அதில் ஒரு கலண்டர்.

ஆறிப்போன தேத்தண்ணியை வைத்துவிட்டு வந்து திரும்பவும் தைத்தேன். வளையம் விழத் தொடங்கியதும் அசையாமல் இருந்தபடியே தலையை மட்டும் குனிந்து பார்த்தேன். என் வலது முழங்கால் தட்டில் சாய்ந்து கிடந்தது. எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கால் மரத்துவிட்டதா என்று கிளினிக்கில் ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தபோது, தெரிகிறது என்று சில இடங்களில் பொய் சொன்னேன். இரண்டு கையாலும் காலைத் தூக்கி அப்பால் வைத்தேன். கத்தரிக்கோல் பக்கத்தில்தான் கிடந்தது. ஆனால் முட்டுவது தெரிந்தால்தானே எனக்கு நானே தட்டிக்கொள்ளலாம்.

வாரைத் தைத்து முடித்தேன்.

மறுநாள் காலையில் தவில்காரர் வந்து அதைத் தோளில் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டுக் கொண்டு போனார். நான் முழங்கால் தட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்தேன்.