‘குடிச்சிக்கீறான்’ என்று சொன்னது நான்

அண்ணன் செத்து மூன்று மாதம் கழித்து ஒரு மேடம் எங்களிடம் கேள்வி கேட்க வந்தார். கையில் சிலேட் மாதிரி பெரிய போன் வைத்திருந்தார். காலை பதினோரு மணி இருக்கும். தண்டையார்பேட்டையில் ஒரு குடோன் மதில் ஓரம்தான் எங்கள் வீடு. வீடு என்றால் ஒரு நீலத் தார்ப்பாய், நாலு கட்டை, இரண்டு குடம், துணி மூட்டை. அம்மா பிறந்ததும் இதே மதிலோரம்தான். நானும் அண்ணனும் பிறந்தது ஆஸ்பத்திரியில், ஆனால் மூன்றாம் நாளே இங்கே வந்துவிட்டோம்.

மேடம் கேட்க வந்தது லத்தி இல்லாத வண்டியைப் பற்றி. நாங்கள் வைத்த பேர் அது. ரோட்டோரம் இருக்கிறவர்கள் யாராவது தனக்குத்தானே பேசினாலோ, கல்லெடுத்து வீசினாலோ முன்பெல்லாம் போலீஸ்தான் வரும். இப்போது ஒரு நம்பருக்குப் போன் பண்ணினால் ஒரு வேன் வருகிறது. அதில் ஒரு அக்காவும் ஒரு டிரைவரும் இருப்பார்கள். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், போர்வை, அவ்வளவுதான் கொண்டுவருவார்கள். அந்த வண்டி ஒழுங்காக வேலை செய்கிறதா, இன்னும் ஓடலாமா என்று பார்க்கத்தான் மேடத்தை அனுப்பியிருந்தார்கள். எங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனியாக ஒரு கேள்வி இருந்தது. அண்ணனைப் பார்க்க வந்த அக்கா அவனை இங்கேயே விட்டுப் போனாரே, அது தப்பா? அது முடிவாகும்வரை அந்த அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள்.

தப்பு அந்த அக்கா மேல் இல்லை. பொய் சொன்னது நான். அம்மாவுக்கு அப்போது அது தெரியாது.

எங்கள் மதிலோரத்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டி வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும், குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவோம். குடித்தவனை யாரும் ஏற்ற மாட்டார்கள். வண்டியெல்லாம் வாந்தி எடுப்பான் என்று பயம். புத்தி சரியில்லை என்று சொன்னால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்குப் பத்து வயதில், நாலு தார்ப்பாய் தள்ளி இருந்த ஒரு பெரியம்மாவை ஏதோ ஒரு வண்டி கூட்டிப்போனது. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த மழைக்கு மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார். பெற்ற மகளையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்குப் பிறகு சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அந்தப் பதில் பாடம் ஆகிவிட்டது. ஒருமுறை காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்த ஆளையே குடித்திருக்கிறார் என்று சொல்லி அனுப்பினோம். வண்டி போனதும் சிரித்தோம்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது பெரியவன். குடோனில் மூட்டை தூக்குவான். குடிக்கவே மாட்டான். போன வருடத்திலிருந்து காதில் யாரோ பேசுகிறார்கள் என்பான். பத்து நாள் நன்றாக இருப்பான், பிறகு இரண்டு நாள் யாரோ மாதிரி ஆகிவிடுவான்.

அவன் செத்த அன்றைக்கு மத்தியானம் அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கப் போயிருந்தாள். அண்ணன் நடுரோட்டில் நின்று, துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளைக் கைகாட்டி நிறுத்தப் பார்த்தான். “உள்ள எங்க நைனா கீறாரா?” என்று ஒவ்வொரு டிரைவரையும் கேட்டான். எங்கள் அப்பா விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. டீக்கடைக்காரர் போன் பண்ணிவிட்டார்.

வேனிலிருந்து இறங்கிய அக்கா, “தம்பி, நிழலுக்கு வாப்பா. தண்ணி குடி,” என்றார். வந்தான். அக்காவும் தரையிலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“யாரைப்பா தேடுற?”

“எங்க நைனாவ. பொட்டில வச்சி அனுப்பிட்டாங்கக்கா. எந்தப் பொட்டின்னுதான் தெர்ல.”

அக்கா என்னைப் பார்த்தார். “எத்தனை நாளா இப்படிப் பேசுறான்?”

“அதெல்லாம் ஒன்னும் இல்லக்கா. குடிச்சிக்கீறான்.”

“நான் குடிக்கலக்கா,” என்றான் அண்ணன். “ஊத சொல்லு, ஊதறேன்.”

“எந்தக் குடிகாரன் ஒத்துக்கினான்?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். அக்கா நம்பட்டும் என்றுதான் சிரித்தேன். டீக்கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு அவனும் சிரித்தான்.

அக்கா அவன் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். “வாசனையே வரலையேம்மா?”

“காலைல குடிச்சான்கா. எலுமிச்சம்பழம் குடுத்துக்கீறேன்.”

“நீ கூடவே இருப்பியா?”

“நான் எங்க போப் போறேன்?”

நாளைக்குக் காலையில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி, அதை எழுதிக்கொண்டு போனார். சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தது. இரண்டு குடம் பிடித்துக்கொண்டு திரும்பினேன், அண்ணன் இல்லை. எண்ணூர் போகிற ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரிக்குக் குறுக்கே போயிருக்கிறான். டிரைவர் பிரேக் போட்டுப் பார்த்திருக்கிறார். அவ்வளவு பெரிய வண்டி உடனே எங்கே நிற்கும்?

மறுநாள் காலை, அக்கா சொன்ன நேரத்துக்கு வந்தார். விஷயம் தெரியாமல் கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். அம்மா மண்ணை வாரி அவர் மேல் இறைத்தாள். “பாத்துட்டு வுட்டுட்டு பூட்டியே! உன் புள்ளயா இருந்தா வுட்டுட்டு போவியா?” என்று கத்தினாள். அக்கா என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கேள்வி கேட்க வந்த மேடம் முதலில் பக்கத்துத் தார்ப்பாய் மாமாவிடம் கேட்டார். மாமா மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் சரக்கு ஏற்றி ஓட்டுகிறவர்.

“ஒன்னுன்னா மோசம், அஞ்சுன்னா ரொம்ப நல்லா இருக்கு. வண்டிக்கு எத்தனை போடுவீங்க?”

“அஞ்சு போட்டா வூடு குடுப்பீங்களா மேடம்?”

“அது என் கையில இல்லைங்க.”

“அப்ப நாலு போட்டுக்கோ.”

பிறகு எங்களிடம் வந்தார். அம்மா காத்துக்கொண்டே இருந்தாள். “ஒன்னுக்கும் கீய எதுனா கீதா? அத்த எய்திக்கோ,” என்றாள்.

மேடம் அதைக் குறித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு நீங்கதானே கூட இருந்தீங்க? அவருக்கு என்னன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?”

பேசாமல் இருந்தால் அந்த அக்காவுக்கு வேலை போகும். அவரோடு வண்டியும் போனால் மறுபடி லத்திதான் வரும். சொன்னால் அம்மா என்ன ஆவாள்? மூன்று மாதமாக அந்த அக்கா மேல் இருந்த கோபத்தில்தான் அவள் எழுந்தாள், வேலைக்குப் போனாள், நாலு வாய் சாப்பிட்டாள். எழுந்து ஓடலாம் என்றால் முன்னால் மேடம், பின்னால் மதில்.

“குடிச்சிக்கீறான்னு சொன்னேன் மேடம். அவன் குடிக்கல. நான்தான் பொய் சொன்னேன்.”

“இன்னாடி ஒளற்ற?” என்றாள் அம்மா.

“அவங்க மோந்து பாத்தாங்கமா. திருப்பித் திருப்பி கேட்டாங்க. நான்தான் எலுமிச்சம்பழம் குடுத்தேன்னு சொன்னேன்.”

அம்மா மேடத்தின் கையைப் பிடித்தாள். “இவ சொல்றத எய்தாதம்மா. அந்தப் பொம்பளைக்கு பாவம் பாக்கறா. சின்னப் பொண்ணு.”

“குடும்பத்துக்கு ஒரு பதில்தாங்க போட முடியும்,” என்றார் மேடம். அவருக்கும் முகம் வாடிவிட்டது. “யாரோடதைப் போடட்டும்?”

“பெத்தவ நான் கீறேன்ல.”

“கூட இருந்தது நான்மா,” என்றேன்.

மேடம் போனை என் பக்கம் நீட்டினார். கண்ணாடி மேல் விரலால் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஆறாவதோடு நின்றவள், பேர் மட்டும் கோணலாக எழுத வரும். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள், பிறகு விட்டுவிட்டாள். எழுதினேன். சிரித்ததை மட்டும் மேடத்திடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் இன்றுவரை சொல்லவில்லை.

அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று பிறகு மாமா சொன்னார்.

மேடம் போனதும் அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மதில் பக்கம் திரும்பிப் படுத்தாள். ரொம்ப நேரம் கழித்து, திரும்பாமலே, “அப்டி சொல்லுன்னு உன்கு சொல்லிக் குடுத்ததே நான்தானடி,” என்றாள்.

நான் அவள் முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அன்று நாங்கள் வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவும் இல்லை. தார்ப்பாய்க்குக் கீழே மூன்று பேர் படுக்கிற இடம்தான். அண்ணன் இடத்தில் துணி மூட்டையை வைத்திருந்தோம். என் முழங்கால் அம்மாவின் முதுகில் இடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்சம் தள்ளி உட்காரலாம் என்றால் அந்தப் பக்கம் ரோடு.